டைல்ஸ் ஒட்டிய சுவரில் மரப் பலகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டிய சுவரை மரப் பலகையால் மூட நினைப்பவர்கள் தேக்கா, அயனியா, பிளைவுட்டா என்று நிறைய யோசிக்கிறார்கள். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. சுவர் நன்றாகக் காய்ந்து கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரைதான். வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

ஓதம் ஏறிப் பெயின்ட் உதிர்ந்த இடத்தை மறைக்கவே டைல்ஸ் ஒட்டிய வீடுகள் உண்டு. டைல்ஸ் இடுக்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, அதற்கு மேலே பூச்சு பொருபொருவென்று உதிர்ந்தாலோ ஈரம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். அப்படியே மூடினால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும், கரையானும் வரும். நமக்குத் தெரிய வரும்போது பலகை பாதி போயிருக்கும். வெளிச்சுவர் விரிசலா, குளியலறைக் குழாய்க் கசிவா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

டைல்ஸை எல்லாம் உடைக்க வேண்டியதில்லை. விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வருவதை மட்டும் எடுத்துச் சிமென்ட் பூசினால் போதும். முக்கால்வாசியும் அப்படியென்றால் மொத்தமாக எடுத்துவிடலாம். பழைய பூச்சும் கூடவே பெயர்ந்து வரும், புதுப் பூச்சு காயச் சில வாரங்கள் விட வேண்டும்.

வழவழப்பான டைல்ஸ் மேல் பசை தடவிப் பலகையை நேரே ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பின்னால் காற்று போகவே வழியில்லை. ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம் அடித்து, அதன்மேல் பலகை வைப்பதே நல்லது. ரீப்பரைக் குறுக்கே அடித்தால் காற்று போக நடுநடுவே இடைவெளி விடுங்கள்.

துளை போடும்போது டிரில் மெஷினில் ஹாமரை (இடித்துத் துளைக்கும் முறையை) அணைத்துவிட்டு, டைல்ஸ் பிட்டால் மெதுவாகத் துளைக்க வேண்டும். டைல்ஸைத் தாண்டியதும் ஹாமர் போடலாம். பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். டைல்ஸுக்குள்ளேயே விரிந்தால் டைல்ஸ் கீறிவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் சாதா ஸ்குரூ துருப்பிடித்துவிடும், 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள்.

மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டாம், ஈரத்தில் ஊதிவிடும். பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டின் தரக்குறி) முத்திரை பாருங்கள். மரமானால் பின்பக்கத்துக்கும் வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும். தரை துடைக்கும் தண்ணீர் படாமல் கீழே ஒரு சென்டிமீட்டர் விடுங்கள்.

அப்புறம் சுவிட்ச் பெட்டி. பலகை கனத்துக்கு அதையும் முன்னே கொண்டுவர வேண்டும், அதனால் எலக்ட்ரீஷியன் வேலை ஆசாரி வேலைக்கு முன்பே முடிந்திருக்கட்டும்.