புதருக்குள் இருக்கும் பிளைத் நாணல் கதிர்க்குருவியைக் கண்டுபிடிப்பது எப்படி?

குளிர்காலத்தில் தென்னிந்தியாவில் புதர் ஓரமாக நடப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பறவையின் குரலைக் கேட்டிருப்பார்கள். பார்த்தவர்கள் குறைவு. நிறமும் மங்கல், இருக்கும் இடமும் மறைவு. புதிதாகப் பறவை பார்க்க வருபவர்கள் பைனாகுலரோடு இலை இலையாகத் தேடி அலுத்துப்போவார்கள். இதற்குக் காதுதான் முதலில் வேண்டும்.

படி 1: காலம்

பின்லாந்து, பால்டிக் நாடுகளில் தொடங்கி ரஷ்யா, கஜகஸ்தான் வரை கோடையில் கூடு கட்டும் பறவை இது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் இந்தியத் துணைக்கண்டத்துக்கு வரத் தொடங்கி ஏப்ரல் வரை, சில மே தொடக்கம் வரைகூடத் தங்கும். ஐரோப்பாவில் இதோடு கூடு கட்டும் நெருங்கிய உறவினப் பறவைகள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. இதுவோ தென்கிழக்கே திரும்பி இங்கே வருகிறது. ஏறத்தாழ 10 கிராம் எடை, பயணம் பெரும்பாலும் இரவில். இதை 1849-இல் முதன்முதலாக அறிவியல் முறையில் விவரித்த எட்வர்டு பிளைத்தும் கல்கத்தாவில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர்தான்.

படி 2: இடம்

நாணலைத் தேடி ஏரிக்குப் போக வேண்டாம். அங்கே ஓயாமல் கத்துவது பெரும்பாலும் உருவில் பெரிய வேறொரு நாணல் கதிர்க்குருவி. நமக்கு வேண்டியது வேலிப்புதரிலும் தோப்பிலும் தோட்டத்திலும் இருக்கும்.

படி 3: கேளுங்கள்

காலையில் அடர்ந்த புதர் ஒன்றின் அருகே பேசாமல் நில்லுங்கள். இரண்டு கூழாங்கற்களைத் தட்டியதுபோல 'டக்' என்று ஒரு குரல் வரும். கொஞ்சம் இடைவெளி. மறுபடி 'டக்'. இந்த இடைவெளிதான் முக்கியமான துப்பு. தையல்சிட்டும் இதே புதரில் இருக்கும், ஆனால் அது குரலை விடாமல் அடுக்கிக்கொண்டே போகும். பச்சை இலைக்கதிர்க்குருவி மரத்தின் மேல்பகுதியில் இருந்து இரண்டு அசையாக 'டிஸ்-லீ' என்று கூப்பிடும். இந்த மூன்றையும் பிரித்தறியப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சில நேரம் எரிச்சலோடு 'ட்ர்ர்' என்றும் ஒலிக்கும், அதுவும் பிளைத் நாணல் கதிர்க்குருவிதான்.

படி 4: இப்போது பாருங்கள்

குரல் நகரும் திசையில், புதரில் இலை குறைந்த ஓர் இடைவெளியைத் தேர்ந்தெடுத்து அதையே கவனியுங்கள். பறவையைத் துரத்தினால் அது உள்ளே போய்விடும். பூச்சியும் சிலந்தியும் தேடிக் கிளைக்குக் கிளை தாவுகிற பறவை என்பதால், காத்திருந்தால் அந்த இடைவெளியைக் கடக்க வாய்ப்பு உண்டு.

வெளியே வந்தால் என்ன தெரியும்? மேலே ஒரே சீரான ஆலிவ் கலந்த பழுப்பு, கீழே அழுக்கு வெள்ளை. உடலிலோ சிறகிலோ கோடு, புள்ளி, பட்டை எதுவும் கிடையாது. அலகு நீளமாகத் தெரியும். கண்ணுக்கு மேலே உள்ள வெளிர் புருவம் குட்டையானது, கண்ணைத் தாண்டி அதிகம் நீளாது. வால் நுனி வட்டமாக இருக்கும். சரி, இதில் என்ன அழகு என்று கேட்கலாம். அடையாளம் எதுவுமில்லாததுதான் இதன் அடையாளம் என்று நான் வைத்துக்கொள்வேன். சிறகில் மெல்லிய வெளிர்கோடு இருந்தால் பச்சை இலைக்கதிர்க்குருவியா என்று பாருங்கள். உச்சந்தலை செம்பழுப்பாக இருந்து வாலும் நிமிர்ந்திருந்தால் தையல்சிட்டு.

படி 5: போனில் குரலை ஒலிக்க விடாதீர்கள்

குளிர்கால இடத்திலும் இது தனியாக ஓர் எல்லையைப் பிடித்து வைத்திருக்கும். போனில் இருந்து குரல் வந்தால் இன்னொரு பறவை நுழைந்துவிட்டது என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டு வரும். நமக்கு ஒரு படம் கிடைக்கும், அதற்கு நஷ்டம்.

படி 6: ஏப்ரலை விட்டுவிடாதீர்கள்

கிளம்பும் காலம் நெருங்கும்போது சில பறவைகள் தணிந்த குரலில் பாடத் தொடங்கும். ஒரு சொற்றொடரை நான்கைந்து தடவை திருப்பிப் பாடிவிட்டு அடுத்ததற்குப் போகும். நடுவே மற்ற பறவைகளின் குரலும் கலந்து வரும், மிமிக்ரியில் கெட்டிக்காரப் பறவை. கூடு கட்டும் நாடுகளில் இந்தப் பாட்டை இரவிலும் கேட்கலாம்.

படி 7: எழுதி வையுங்கள்

பருவத்தில் முதல் 'டக்' கேட்ட தேதி, கடைசியாகக் கேட்ட தேதி, எந்தப் புதர். அப்புறம் அதை ஈ-பேர்டில் (பறவை பார்த்த பதிவுகளைச் சேர்க்கும் இணையதளம்) ஏற்றலாம். கண்ணால் பார்க்காவிட்டாலும் குரலைச் சந்தேகமின்றி அடையாளம் கண்டிருந்தால் பட்டியலில் சேர்க்கலாம், குறிப்பில் 'கேட்டது மட்டும்' என்று போட்டுவிடுங்கள்.