ஜப்பானியப் பாப் பாட்டு: ஒரே பாட்டிலிருந்து தொடங்குவது எப்படி?

"ஜே-பாப் கேட்க ஆசை, எங்கே தொடங்குவது?" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது நூறு பாட்டு அடங்கிய ஒரு பிளேலிஸ்ட். அதை ஓடவிட்டு வேலை பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே கேட்கும், சீக்கிரம் அலுத்துவிடும். நான் சொல்லும் வழி வேறு. ஒரே ஒரு பாட்டை எடுத்து, வாய்விட்டுப் பாடும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த பாட்டுக்கு அதுவே வழி காட்டும்.

படி 1: பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

உங்களுக்குப் பிடித்த எதுவும் சரிதான். இங்கே உதாரணத்துக்குப் பாடகி மத்சுபாரா மிகியின் 'மயோநகா நோ டோஆ'வை எடுத்துக்கொள்கிறேன். (ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னால் வரும், தேடும்போது இரண்டு வரிசையிலும் தேடுங்கள்.) 1979 நவம்பரில் வெளிவந்த அவருடைய முதல் பாட்டு இது. அப்போது அவருக்கு 20 வயதுகூட நிறையவில்லை. வேகம் மிதமானது, உச்சரிப்பு தெளிவானது. இன்று சிட்டி பாப் என்று சொல்லப்படும், 1970-80களின் நகர்ப்புறப் பாப் பாணிக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. 2020இல் இந்தோனேசியப் பாடகி ரைனிச் இதைப் பாடி வெளியிட்டதும், மூலப் பாட்டும் உலகமெங்கும் பரவியது. அதைப் பார்க்க மத்சுபாரா இல்லை. 2004இல், 44 வயதிலேயே மறைந்துவிட்டார். இந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள்) வழியாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடக்கப் பாட்டாக நீங்கள் கேட்டது சுமார் 90 வினாடிக்கு வெட்டிய வடிவம். முழுப் பாட்டு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். சில அதிகாரபூர்வ யூடியூப் வீடியோக்களும் சுருக்க வடிவம்தான், தலைப்பிலேயே போட்டிருப்பார்கள். முழுசாக இருப்பதைத் தேடி எடுங்கள்.

படி 2: பாட்டின் அமைப்பைக் காதால் பிரியுங்கள்

நம் சினிமாப் பாட்டில் பல்லவி முதலிலேயே வந்துவிடும். ஜப்பானியப் பாப்பில் பெரும்பாலும் காத்திருக்க வேண்டும். முதலில் 'ஏ மெலோ': அடங்கிய குரலில் கதை தொடங்கும். அடுத்து 'பி மெலோ': ஏதோ வரப்போகிறது என்று மெட்டு மேலே நகரும். அதன் பிறகே 'சபி', பாட்டின் உச்சம். இந்தச் சுற்று இரண்டு முறை வந்தபின், பல பாட்டுகளில் இதுவரை கேட்காத புது மெட்டு ஒன்று நுழையும். அதையடுத்து வாத்தியங்கள் ஒதுங்கி, சபியின் முதல் பகுதி மெல்லிய குரலில் வரும். இதை 'ஓச்சி சபி' என்பார்கள். அடுத்த நொடி எல்லா வாத்தியங்களும் சேர்ந்து எழும். சிலவற்றில் சுருதியே ஒரு படி ஏறிவிடும். என்னைக் கேட்டால், ஜே-பாப்பில் மயங்க வேண்டிய இடம் இதுதான்.

ஒரு தாளில் ஏ, பி, சபி எனக் குறித்து, ஒவ்வொன்றும் எந்த நிமிடம், எந்த வினாடியில் தொடங்குகிறது என்று எழுதுங்கள். எல்லாப் பாட்டும் இந்த அச்சில் அடங்காது, ஆனால் சில பாட்டுகளுக்கு இப்படிச் செய்தாலே காது பழகிவிடும்.

படி 3: ஹிரகானா படியுங்கள்

ஹிரகானா என்பது ஜப்பானிய மொழியின் அடிப்படை ஒலியெழுத்து. பலர் பயந்து விலகும் இடம் இது. தமிழ் படித்தவர்கள் பயப்படவே வேண்டாம். அடிப்படை எழுத்துகள் 46தான். உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. மற்ற வரிசைகள்: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இதில் 'ஹ' வரிசை பழங்காலத்தில் 'ப' என்று ஒலித்தது. அதை அப்படியே போட்டுச் சொல்லிப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நாம் பள்ளியில் சொன்ன அதே ஒழுங்கு! இது தற்செயல் இல்லை. பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன சித்தம் என்ற எழுத்து முறையை ஜப்பானியத் துறவிகள் கற்றார்கள். அந்தப் படிப்பின் தடம்தான் இந்த அடுக்கு. ஆங்கில வழியில் கற்பவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய வரிசை நமக்கு ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது.

'க' ஒலியும் (k) அதன் அழுத்தமான இணையும் (g) நமக்கு ஒரே எழுத்து. ஹிரகானாவில் அழுத்தமான ஒலிக்கு எழுத்தின் மேல் இரண்டு சிறு கோடுகள் போடுவார்கள். த, ச வரிசைகளுக்கும் அப்படியே. சீனத்திலிருந்து வந்த 'கான்ஜி' எழுத்துகளை இப்போதைக்கு விடுங்கள். மேலே சிறிய ஹிரகானா போட்ட வரிகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டால் போதும்.

படி 4: மாத்திரை எண்ணிப் பாடுங்கள்

ஜப்பானிய மொழியின் தாளம் மாத்திரைக் கணக்கில்தான் ஓடுகிறது. குறில் ஒன்று, நெடில் இரண்டு. இதுவரை நம் இலக்கணமேதான். வேறுபடுவது ஒற்றில். நமக்கு அரை மாத்திரை, அங்கே முழு மாத்திரை. 'நிப்பொன்' என்ற சொல்லை நம் கணக்கில் எண்ணினால் மூன்று வரும். அவர்களுக்கு நான்கு: நி, ப், பொ, ன். பாட்டிலும் கடைசி 'ன்'னுக்குத் தனி ஸ்வரம் கிடைப்பதுண்டு. நாம் அதை விழுங்கிவிடுவதால்தான் சேர்ந்து பாடும்போது தாளம் தவறுகிறது.

மேலே நான் தலைப்பை வழக்கப்படி நெடிலாக எழுதினேன். பாடுவதற்கு 'மயொநக நொ டொஅ' என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏழும் குறில், ஏழு தட்டு. ரோமன் எழுத்தைவிடத் தமிழ் இங்கே நன்றாக உதவும், ஏனென்றால் எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு நம் எழுத்திலேயே இருக்கிறது. விரலால் தட்டியபடி முதலில் வசனமாகச் சொல்லுங்கள். சரளமானபின் மெட்டோடு பாடுங்கள். ஜப்பானிய சிங்கிள் சிடிக்களில் குரல் இல்லாத இசைத்தடமும் அடிக்கடி சேர்ந்தே வரும். கடைசிப் பயிற்சிக்கு அது அருமை.

படி 5: பெயர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள்

ஜப்பானியப் பாட்டில் மூன்று பெயர்களைப் பாருங்கள்: பாடலாசிரியர், மெட்டமைத்தவர், வாத்திய அமைப்பைச் செய்தவர். நம் சினிமாவில் பின்னிரண்டும் பெரும்பாலும் ஒரே இசையமைப்பாளர் பெயரில் அடங்கிவிடும். அங்கே தனித்தனியாகப் போடுவார்கள். அடுத்து எதைக் கேட்பது என்பதற்கு எந்தச் செயலியின் பரிந்துரையையும்விட இதையே நம்புகிறேன்.

நம் உதாரணத்தில் மெட்டு ஹயாஷி தெத்சுஜியுடையது. அதே 1979இல் அவர் பாடகி தகேஉச்சி மரியாவுக்கு 'செப்டம்பர்' பாட்டின் மெட்டைத் தந்தார். அதன் வரிகள் மத்சுமோதோ தகாஷி. அவர் முன்பு ஹப்பி எண்டோ என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அந்தக் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஹோசோனோ ஹருஓமி. அவர் 1978இல் சகமோதோ ர்யூஇச்சி, தகஹாஷி யுகிஹிரோவோடு தொடங்கியதுதான் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற எலக்ட்ரானிக் இசைக்குழு. ஒரு பாட்டில் தொடங்கி எலக்ட்ரானிக் இசை வரை வந்துவிட்டீர்கள்.

படி 6: சிடி, கச்சேரி, 'ஓஷி'

சிடி வாங்கினால் சாதாரணப் பதிப்பே போதும். முதல் அச்சு வரையறுக்கப்பட்ட பதிப்புக்குச் செலவழிக்க அவசரமில்லை. உறையைச் சுற்றி வரும் 'ஓபி' என்ற காகிதப் பட்டையைத் தூக்கி எறியாதீர்கள், சேகரிப்பவர்கள் அதை மதிப்பார்கள்.

ஜப்பானில் நேரில் பார்க்க ஆசைப்பட்டால், பெரிய கலைஞர்களின் டிக்கெட் பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு முதல் வாய்ப்பு, மற்றவர்களுக்குப் பிறகு. பல டிக்கெட் தளங்கள் ஜப்பானியக் கைபேசி எண் கேட்கும். நிகழ்ச்சியில் படமோ வீடியோவோ எடுக்கப் பொதுவாக அனுமதி இல்லை, அறிவிப்பை மதியுங்கள். ஐடல் குழுக்களில் (ரசிகர்களுக்காகப் பாடி ஆடும் இளம் கலைஞர் குழுக்கள்) உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் இருப்பதுண்டு. நீங்கள் மனம்விட்டு ஆதரிப்பவர் உங்கள் 'ஓஷி'. அவருடைய நிறத்தில் பென்லைட்டை (கையில் பிடிக்கும் ஒளிக்குச்சி) ஏற்றுங்கள். அதை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்காமல் இருந்தால் பின்னால் நிற்பவருக்கும் மேடை தெரியும்.