ஒரு மாடு பாத்தா போதும்: ஆட்டிசம் உள்ள புள்ளையோட பண்ணைக்குப் போறது எப்படி

எங்க பையனுக்கு எட்டு வயசு, ஆட்டிசம், பேச்சு ரெண்டு மூணு வார்த்தைதான். மன்னார்குடி பக்கம் இருக்கோம், சுத்தி வயலும் மாடும்தான், ஆனாலும் அவன நிம்மதியா ஒரு பண்ணைக்குக் கூட்டிட்டுப் போக எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. தெரபிக்கு வர்ற மத்த அம்மாக்கள் எப்படிப் போனீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் மொத தடவ போறவங்களுக்காக வரிசையா எழுதுறேன். ஒன்னு முன்னாடியே சொல்லிடுறேன், டிக்கெட் எடுத்தாச்சேன்னு ஆடு, கோழி, மீன் குட்டை, மாட்டு வண்டி எல்லாத்தையும் காட்ட நெனைக்காதீங்க. ஒரே ஒரு மாடு, இருபது நிமிஷம். அதுக்குத்தான் போறோம்.

மொத வேலை: புள்ளைய விட்டுட்டு நீங்க மட்டும் ஒரு தடவ போயிட்டு வாங்க

இதச் செய்யாமதான் நாங்க மாட்டிக்கிட்டோம். மொத தடவ போன பண்ணையில நல்லா நடந்து வந்துட்டு இருந்தான், திடீர்னு பம்புசெட் மோட்டார் ஓட ஆரம்பிச்சிடுச்சு. நம்ம ஊர்ல வயலுக்கு மும்முனை கரண்ட் வர்றதுக்குன்னு நேரம் இருக்கு, நிறைய பேரு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வச்சிருப்பாங்க, கரண்ட் வந்த உடனே யாரும் தொடாமலே மோட்டார் ஓடும், தண்ணி தொட்டில தடதடன்னு விழும். அவன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ஓடினான், ஓடின பக்கம் வாய்க்கால். அவங்க அப்பா சட்டையப் புடிச்சு இழுத்துட்டாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

அதனால நேர்ல போய்க் கேளுங்க: மும்முனை எத்தன மணிக்கு வரும், நாங்க இருக்குற ஒரு மணி நேரம் மோட்டார ஆஃப் பண்ணி வைக்க முடியுமா, நாயக் கட்டி வைப்பீங்களா, கிணத்துக்கு சுவரு இருக்கா, குட்டைக்கு வேலி இருக்கா. சத்தம் கேக்காத ஒரு திண்ணையோ மரத்தடியோ பாத்து வச்சுக்கோங்க, புள்ளைக்குத் தாங்க முடியலைன்னா உடனே அங்க போயிடலாம். நம்ம புள்ளைங்க நெறைய பேருக்குத் தண்ணியக் கண்டா நேரா அங்கதான் போகத் தோணும், அதனால தண்ணி எங்கெங்க இருக்குன்னு தெரியாம டெல்டால எந்தப் பண்ணைக்கும் போகாதீங்க.

வீல்சேர் புள்ளைனா வரப்பு, மாட்டுக்கொட்டாய் சேறு ரெண்டும் ஆகாது. சிமெண்ட் களம் இருக்கான்னு கேளுங்க, மாட்டக் களத்துக்கு ஓட்டிட்டு வரச் சொல்லலாம், நல்ல மனுஷங்க மறுக்க மாட்டாங்க.

எந்த மாசம்

மேட்டூர்ல வழக்கமா ஜூன் 12 தண்ணி தொறந்து ஜனவரி 28 வரைக்கும் விடுவாங்க, அந்த மாசமெல்லாம் வாய்க்கால் நெறஞ்சு ஓடும். தைல போனா அறுவடை மெஷின் சத்தமும் தூசியும். எங்களுக்கு சரியா வந்தது மாசி மாசம்தான், சம்பா அறுத்து முடிஞ்சு, வயல்ல உளுந்து பச்சையா நிக்கும், வாய்க்கால் அடங்கிடும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. காலைல ஏழரை எட்டுக்குப் போயிடுங்க. ஃபிட்ஸ் வர்ற புள்ளைனா வெயில் ரொம்ப முக்கியம், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்திரையக் கையோட எடுத்துக்கோங்க.

படம் காட்டிப் பழக்குறது

போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தினமும் படம் காட்டணும்: வீடு, பஸ், பண்ணை கேட்டு, மாடு, கை கழுவுறது, திரும்ப வீடு, இதே வரிசைல. படம் அந்தப் பண்ணையிலயே எடுத்ததா இருக்கணும், நான் இதுலதான் தப்பு பண்ணேன். நெட்டுல இருந்து கறுப்பு வெள்ளை சீமை மாட்டுப் படத்த எடுத்து அட்டைல ஒட்டியிருந்தேன், அங்க போனா இருந்தது நம்ம டெல்டா நாட்டு மாடு உம்பளச்சேரி, சாம்பல் நிறம், நெத்தில வெள்ளைப் பொட்டு, கால்லயும் வெள்ளை, பக்கத்துல அதோட கன்னு செக்கச்செவேல்னு நிக்குது. இவன் அட்டையப் பாக்குறான், மாட்டப் பாக்குறான், அட்டைய என் கைல திணிச்சிட்டு திரும்பி நடந்துட்டான். அவன் மேல என்ன தப்பு, நான் சொன்ன மாடு அங்க இல்லையே.

பையில

சத்தம் குறைக்கிற காது மூடி, மாத்து டிரஸ் ரெண்டு, சோப்பு, அவன் வழக்கமா சாப்பிடுறது, கைல வச்சுக்குற பொருள், சேறு தொட முடியாத புள்ளைனா ரப்பர் பூட்ஸ். சட்டைல உங்க போன் நம்பர். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் எடுத்துக்கோங்க, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல புள்ளைக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் காசு கிடையாது. ஆட்டிசத்தை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்குற 21 வகைல சேர்த்திருக்காங்க, இன்னும் அட்டை வாங்காதவங்க தயவுசெஞ்சு வாங்கிடுங்க.

மாட்டுக்கிட்ட

தூரத்துல இருந்தே ஆரம்பிங்க. ஒரு பத்தடி தள்ளி உக்காந்து சும்மா பாக்கட்டும். கையப் புடிச்சு மாட்டு மேல வைக்காதீங்க, அத மட்டும் செய்யவே செய்யாதீங்க. பின்னாடிப் பக்கம் நிக்க விடக் கூடாது, மாடு பக்கவாட்டுலயும் உதைக்கும், அதனால தோள்பட்டை ஓரமா நிக்கணும், பண்ணைக்காரங்க கயித்தப் புடிச்சிருக்கணும். புதுசா கன்னு போட்ட மாடுன்னா கன்னுகிட்டயே போக வேணாம்.

ரெண்டாவது தடவ போன பண்ணையில இருந்த அக்கா, "தம்பிய விடுங்க, அதுவா வரும்"னாங்க. பதினஞ்சு நிமிஷம் ஒன்னும் நடக்கல, மண்ணையே பாத்துட்டு இருந்தான். அப்புறம் எந்திரிச்சுப் போயி, மாடு அசை போடுற எடத்துல நின்னு, ஒரு பக்கத்துக் காது மூடிய அவனே தூக்குனான். அந்த மொறுக் மொறுக் சத்தத்தக் கேட்டுட்டே நின்னான். நான் போன எடுக்கல, பேசல, அசையக்கூட இல்ல.

கிளம்புறது

கைய வேகமா உதற ஆரம்பிச்சாலோ, முகம் மாறினாலோ, கேட்டுப் பக்கம் பாத்தாலோ கிளம்பிடுங்க, அழுற வரைக்கும் காத்திருக்காதீங்க. கிளம்பும்போது அடிபம்புலயோ குழாயிலயோ சோப்புப் போட்டு இருபது செகண்ட் கை கழுவணும், சாணி பட்ட கைக்கு சானிடைசர் பத்தாது. எதையும் வாய்ல வைக்கிற புள்ளைனா கொட்டாய்ல கண்ண எடுக்காதீங்க. கறந்த பால அப்படியே குடின்னு ஆசையா கொடுப்பாங்க, வாங்கிட்டு வந்து காய்ச்சிக் குடுங்க.

அடுத்த தடவையும் அதே பண்ணை, அதே நேரம், அதே மாடுதான். போறதுக்கு முன்னாடி போன் பண்ணி அந்த மாடு இருக்கா, வித்துட்டாங்களான்னு கேட்டுக்கோங்க. உம்பளச்சேரி கன்னுன்னா புதுசா ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க, ஆறு மாசத்துல அந்தச் செவப்பு மாறி சாம்பலாயிடும், பழைய அட்டைய நம்பிப் போயிடாதீங்க.