வெள்ளைக் கல் கிடைத்தால் கண்ணாடியில் கீறிப் பார்க்காதீர்கள்

கொழும்பு செட்டியார் தெருப் பக்கம் நகைத் தொழிலோடு பழகியவர்களிடம்கூட நான் பார்க்கும் பிழை இது: நிறமில்லாத ஒரு கல் கைக்கு வந்ததும் கண்ணாடியில் கீறுவது, கோடு விழுந்தால் வைரம் என்று முடிவு கட்டிவிடுவது. கற்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி 5.5 பக்கம் நிற்கும், படிகக்கல் (குவார்ட்ஸ்) 7. அப்படியானால் ஆற்று மணலில் கிடக்கும் சாதாரணப் படிகமும் கண்ணாடியைக் கீறத்தான் செய்யும். டோபாஸும் சஃபயரும் இன்னும் இலகுவாகக் கீறும்.

இதைவிட மோசம் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. வைரத்தை எளிதில் கீற முடியாது, ஆனால் அது நான்கு திசைகளில் சுலபமாகப் பிளக்கும். தயவுசெய்து தட்டாதீர்கள், உண்மையான கல்லாக இருந்தால் அதோடு போய்விடும்.

மினுமினுப்பையும் நம்ப வேண்டாம். பட்டை தீட்டாத வைரம் எண்ணெய் தடவியதுபோல மங்கலாகத்தான் இருக்கும். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: இரண்டு பிரமிட்டுகளை அடியோடு அடி ஒட்டிய வடிவமும் முகங்களில் குட்டி முக்கோணங்களும் தெரிந்தால் நல்ல அறிகுறி. படிகத்துக்கு ஆறு பக்கம், குறுக்கே கோடுகள் ஓடும். உள்ளே உருண்டைக் குமிழி இருந்தால் பெரும்பாலும் கண்ணாடி.

உருண்டு தேய்ந்த கல்லில் இந்த வடிவமெல்லாம் அழிந்திருக்கும். அப்போது எடைதான் கைகொடுக்கும். 0.01 கிராம் காட்டும் தராசில் கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் ஒரு கோப்பை தண்ணீரைத் தராசில் வைத்து பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் முட்டாமல் முழுதாக அமிழ்த்துங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுக்க வேண்டும். 2 கிராம் கல் 0.57 காட்டினால் 3.5, அது வைரத்தின் அடர்த்தி. 0.75 காட்டினால் படிகம். கண்ணாடி பெரும்பாலும் 2.5 பக்கம் வரும். ஒரு காரட் 0.2 கிராம்தான் என்பதால் சின்னக் கல்லில் இந்தக் கணக்கு பிசகும். இன்னொரு பொறியும் இருக்கிறது, டோபாஸும் 3.5 தான்.

"மாத்தறை வைரம்" என்ற பெயரில் ஏமாறாதீர்கள், அது சிர்கோன் என்ற வேறொரு கனிமத்தின் நிறமில்லாத வகை, அடர்த்தி 4.6 பக்கம். இலங்கையில் வைரச் சுரங்கமே கிடையாது, ஆகவே இரத்தினபுரி இல்லத்தில் (இரத்தினக்கல் கிடைக்கும் சரளை மண் படையில்) எடுத்த வைரம் என்று யாராவது நீட்டினால் காசை வெளியே எடுக்காதீர்கள். பேனா மாதிரியான டெஸ்டர் வெப்பம் கடத்துவதை மட்டும் பார்ப்பதால் வைரம்போலத் தெரியும் மொய்சனைட் என்ற செயற்கைக் கல்லையும் வைரம் என்று சொல்லிவிடும்.

சந்தேகம் தீராவிட்டால் இரத்தினக்கல் ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். அதுவரை கல்லைத் தனிக் கடதாசியில் சுற்றி வையுங்கள், வைரமாக இருந்தால் பக்கத்தில் கிடக்கும் கற்களைக் கீறிவிடும்.