‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’: ஞாயிறு ஜெபிப்பதைத் திங்களில் வாழ்வது எப்படி

கொழும்பின் தேவாலயங்களில் தமிழ் ஆராதனை முடிந்து சிங்கள ஆராதனை தொடங்கினாலும் மொழி மாறுமேயன்றி ஜெபம் மாறுவதில்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் இரண்டாவது விண்ணப்பமான ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்பதை, சிறுவயது முதல் மனப்பாடமாக இருப்பதனாலேயே, நாம் ஒரு மூச்சில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு விண்ணப்பத்தை நிதானமாக ஜெபித்து, அதன்படி ஒரு சாதாரண வாரத்தை வாழ முயல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ராஜ்யம் என்றதும் எல்லையும் கோட்டையும் உள்ள ஒரு நிலப்பரப்பே நம் மனத்தில் எழுகிறது. மத்தேயு அதைப் ‘பரலோக ராஜ்யம்’ என்று எழுதியிருப்பதால், இறந்த பின்பு போய்ச் சேரும் இடம் அது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் மத்தேயு பரலோகம் என்று எழுதுமிடங்களில், அதே வாசகங்களை மாற்குவும் லூக்காவும் தேவனுடைய ராஜ்யம் என்றே எழுதுகிறார்கள். கடவுளின் பெயரை நேரே உச்சரிக்கத் தயங்கிய யூத மரபின் சாயலை மத்தேயுவின் சொல்லில் பலர் காண்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் உள்ள ‘பசிலேயா’ என்ற கிரேக்கச் சொல், நிலப்பரப்பை மட்டுமன்றி, அதற்கும் முன்பாக ஆளுகையை, அரசர் அரசராயிருத்தலைக் குறிக்கிறது. கத்தோலிக்கர் வழங்கும் ‘இறையாட்சி’ என்ற சொல் இதை நன்றாகவே பிடித்திருக்கிறது. நான் சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவளாயினும் இந்த விஷயத்தில் அந்தச் சொல்லுக்கே என் வாக்கு. ஆகவே, வேதத்தில் ராஜ்யம் என்று வாசிக்கும்போதெல்லாம் ‘தேவன் ஆளுகிறார்’ என்று மனத்துக்குள் மாற்றி வாசித்துப் பழகுங்கள். ‘எப்போது அங்கே போவேன்’ என்ற கேள்வி பின்னுக்குப் போய், ‘என் வாழ்வில் எந்த இடம் இன்னும் அவருடைய ஆளுகைக்கு வெளியே இருக்கிறது’ என்ற கேள்வி முன்னே வரும்.

அந்த ஆளுகை வந்துவிட்டதா, இனித்தான் வருமா? இயேசு இரண்டையும் சொன்னார். தேவனுடைய விரலினாலே தாம் பிசாசுகளைத் துரத்துகிறபடியால் தேவனுடைய ராஜ்யம் உங்களிடத்தில் வந்திருக்கிறது என்றார். அது வரும்படி ஜெபிக்கவும் கற்பித்தார். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் வழி தவறிவிடும். எல்லாம் வந்தாயிற்று என்பவர் நோயாளியின் படுக்கையருகே நின்று, விசுவாசம் போதாததால்தான் சுகம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுகிறார். எல்லாம் இனித்தான் என்பவர் வீதியில் நடக்கும் அநியாயத்தைப் பார்த்து, உலகம் அப்படித்தான் என்று ஒதுங்கிவிடுகிறார். இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன், இரண்டும் மனிதரை நோகடித்ததைக் கண்டிருக்கிறேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். காலையில் அந்த ஜெபத்தைச் சொல்லும்போது இந்த வரியில் நின்றுவிடுங்கள். அன்று நீங்கள் போகப்போகும் ஓர் இடத்தின் பெயரை அதனுடன் சேர்த்துச் சொல்லுங்கள்: எங்கள் வீட்டுக் குசினியில், புறக்கோட்டைக் கடையின் தராசில், காரியாலயத்தின் கணக்குப் புத்தகத்தில், 138ஆம் இலக்க பஸ்ஸில் உம்முடைய ராஜ்யம் வருவதாக. ‘உலகமெங்கும்’ என்று சொல்வது எளிது, ஏனெனில் அது எவரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. ‘தராசில்’ என்று ஜெபித்தவரோ அரை மணி நேரத்தில் அந்தத் தராசின் முன்னே நிற்கப்போகிறார். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்.

பெரும்பாலானோருக்கு அந்த இடம் பணம் சம்பந்தப்பட்டதாகவே இருக்கும். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில், திராட்சத்தோட்டத்து எஜமான் காலையிலும் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளிலும் கடைசியாகப் பதினோராம் மணி வேளையிலும் போய்க் கூலியாட்களை அழைத்து, கடைசியில் வந்தவர்களுக்கும் ஒரு தெனாரியத்தையே, அதாவது ஒரு முழு நாட்கூலியையே கொடுக்கிறான். பதினோராம் மணி என்பது நம் கணக்கில் மாலை 5 மணி. அதுவரை சும்மா நின்றவர்களிடம் காரணம் கேட்டபோது, ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை என்றார்கள். மூட்டை தூக்கும் வேலைக்காகப் புறக்கோட்டையில் விடியற்காலை முதல் காத்திருக்கும் நாட்டாமிமாரைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதிலை விளக்கத் தேவையில்லை. வேலை கிடைக்காத நாளிலும் அவர்கள் வீட்டில் உலை வைக்கவேண்டியிருக்கிறது. எஜமான் கணக்கிட்டது உழைத்த மணிகளை அல்ல, அந்த உலையை. ஆகவே உங்கள் வீட்டில் சமையலுக்கோ துப்புரவுக்கோ வருகிறவருக்கும், கடையில் நிற்கும் பையனுக்கும் கொடுக்க வேண்டியதைக் குறித்த நாளில், கேட்கவைக்காமல், கையில் கொடுங்கள். பொழுதுபோகுமுன்னே கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுவதற்குக் காரணம், அவன் ஏழையாயிருந்து அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்பதே. சபைக்குக் காணிக்கை போட்ட பின்பு மிஞ்சியதில் சம்பளம் கொடுப்பவர், என் கருத்தில், வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அயலவர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலமும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி ஆலயமும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும், கொழும்பின் பெரிய ஹோட்டல்களும் இஸ்லாமியத் தீவிரவாதிகளால் தாக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாட்களில் கொட்டாஞ்சேனையில் நாங்கள் வழமையாகச் சாமான் வாங்கும் முஸ்லிம் கடையைத் தவிர்ப்பதற்காக, ஐந்து வாரம் நான் வேறு தெருவால் சுற்றிப் போனேன். வெறுப்பு என்று அதை நான் சொல்லிக்கொள்ளவில்லை, பயம் என்றே சொல்லிக்கொண்டேன். ஆறாவது வாரம் ஒரு நாள் காலை, ‘எங்கள் தெருவில் உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்று என் வாயே சொல்லிவிட்டது. போனேன். பாதிக்கு மேல் காலியாயிருந்த தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், “வாங்க தங்கச்சி, கன நாளாக் காணல்ல, பிள்ளைகள் சுகமா?” என்று கேட்டபடியே பருப்பை நிறுத்தார், தராசு சமநிலைக்கு வந்த பின்பும் ஒரு பிடி அள்ளி மேலே போட்டார். “மன்னிச்சுக்கொள்ளுங்க நானா” என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. நீங்களும் யாருடைய கடையை, யாருடைய வாசலைச் சுற்றிப் போகிறீர்கள் என்று பாருங்கள். அங்கே போய்ப் பிரசங்கம் எதுவும் செய்யவேண்டியதில்லை. பருப்பு வாங்கினால் போதும்.

மன்னிப்பைப் பற்றி இங்கே கவனமாகப் பேசவேண்டும். மத்தேயு 18இல் வரும் ஊழியக்காரனுக்கு அரசன் தள்ளுபடி செய்த கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்துக்கு ஏறத்தாழ 6,000 தெனாரியம் என்ற கணக்கில் அது 6 கோடி நாட்கூலி. அவன் தன் உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடித்ததோ 100 தெனாரியத்துக்கு. அந்த நூறும் சிறிய தொகையன்று. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு அற்பமானது என்று இயேசு சொல்லவில்லை, நாம் பெற்றதன் அருகே வைத்து அதைப் பார்க்கச் சொல்கிறார். இதைத் தனக்கு வரவேண்டிய கடனைத் தள்ளிவிடத் தானே முன்வருகிறவர் தன்னிடம் சொல்லிக்கொள்ளலாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் வேறொருவர் போய்ச் சொல்லக்கூடாது. அந்தத் தாய் உண்மையையும் நியாயத்தையும் கேட்பது மன்னிப்புக்கு விரோதமானதுமல்ல. தேவனுடைய ராஜ்யம் நீதியும் சமாதானமும் பரிசுத்த ஆவியினாலுண்டாகும் சந்தோஷமுமாயிருக்கிறது என்று பவுல் ரோமருக்கு எழுதியபோது நீதியையே முதலில் வைத்தார்.

அரசியலோடு இதைக் குழப்பிக்கொள்ளாதிருங்கள். எந்தக் கட்சியின் வெற்றியும் தேவனுடைய ராஜ்யமல்ல. அதேவேளை, ‘என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல’ என்று இயேசு பிலாத்துவிடம் சொன்னதைக் காட்டி, உலக காரியங்களில் விசுவாசிக்கு வேலையில்லை என்பதும் சரியல்ல. கிரேக்க மூலத்தில் அது ‘இவ்வுலகத்திலிருந்து வந்ததல்ல’ என்ற பொருளில் நிற்கிறது. அதன் பிறப்பிடம் வேறு, அது வந்து இறங்கும் இடம் இந்த உலகமே. அது இவ்வுலகத்திற்குரியதாயிருந்தால் என் சேவகர் போராடியிருப்பார்களே என்று அவர் தொடர்ந்து சொன்னதால், அது எந்த வழியில் வராது என்பதும் தெளிவாகிறது.

பலன் தெரியாத வாரங்கள் வரும். ஒரு ஸ்திரீ புளித்தமாவை எடுத்து மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள் என்ற உவமையில், மூலம் சொல்லும் மூன்று அளவு மா ஏறத்தாழ 40 லீற்றர் கொள்ளும். ஒரு குடும்பத்துக்கான அப்பமல்ல, ஊருக்கே போதும். அதிகாலையில் விற்பனைக்கு வரும் பாணுக்கு மா குழைத்து மூடிவைத்த பேக்கரிக்காரர் இரவு முழுவதும் அதைத் திறந்து திறந்து பார்ப்பதில்லை. மாற்கு 4இல் விதைத்தவனும் அப்படியே இரவில் தூங்கி, பகலில் எழுந்திருக்கிறான். அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை முளைத்துப் பயிராகிறது. ஆகவே இரவில் படுக்குமுன் காலையில் சொன்ன இடத்தின் பெயரை மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள். அங்கே கொடுக்கத் தவறிய கூலியோ கேட்கத் தவறிய மன்னிப்போ இருந்தால், நாளைக்கு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வையுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.