கேள்வி கேட்க ஆளில்லாத போதகர்: சபைத் தலைமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் ஒரு தமிழ்ச் சபையில் போதகரைப் பற்றி யாராவது ஒரு கேள்வி எழுப்பினால், இரண்டு வசனங்கள் உடனே வந்து விழும். ஒன்று எபிரெயர் 13:17, நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்கச் சொல்வது. மற்றது சங்கீதம் 105:15, "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்று வருவது. அத்தோடு பேச்சு முடிந்துவிடும். கேட்டவர் அடுத்த ஞாயிறு வேறு சபைக்குப் போவார், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவார்.

அந்த எபிரெயர் வசனத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள். கீழ்ப்படியச் சொல்வதற்கு அது ஒரு காரணமும் சொல்கிறது: நடத்துகிறவர்கள் "உங்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம்பண்ணுகிறவர்களாய் விழித்திருக்கிறவர்கள்". கணக்குக் கொடுக்க வேண்டியவர் என்பதால்தான் அவருக்கு அந்த மதிப்பு. சங்கீதம் 105 பாடுவதோ ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் நாடோடிகளாய் அலைந்த காலத்தை. கொடிய ராஜாக்களின் கையிலிருந்து தேவன் அவர்களைக் காத்ததை நினைவூட்டும் வரி அது. அபிஷேகம்பண்ணப்பட்ட ராஜாவான சவுல்மேல் தாவீது கைவைக்கவில்லை, சரி. ஆனால் என்கேதிக் குகையை விட்டு வெளியே வந்து, சவுலின் சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் செய்த அநியாயத்தை அவனிடமே கூப்பிட்டுச் சொன்னான். பிற்காலத்தில் அதே தாவீதின் பாவத்தை அவன் முகத்துக்கு நேரே நாத்தான் தீர்க்கதரிசி சொன்னார். அந்தியோகியாவில் பவுல், பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார்.

வாலிபர் கூட்டத்தையோ வீட்டுக் கூட்டத்தையோ புதிதாகப் பொறுப்பெடுத்தவர்கள், மூப்பர்கள், மறையாசிரியர்கள், இறையியல் படித்துவிட்டு முதல் சபைக்குப் போகிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் பார்த்தவரை, ஆவிக்குரிய தலைமையில் நேரும் தவறுகள் பெரும்பாலும் கெட்ட மனத்தில் தொடங்குவதில்லை. தட்டிக் கேட்க யாரும் இல்லாத இடத்தில் நல்ல மனிதரும் மெல்ல மெல்லத் தடம் மாறுகிறார். முதலில் ஒரு சின்னச் சலுகை, அப்புறம் அதுவே வழக்கம்.

காணிக்கைப் பை எங்கே போகிறது?

எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தபோது பவுல் அதைத் தனியே தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகளே தெரிவுசெய்த ஒரு சகோதரனும் கூடப் போனான். காரணத்தை 2 கொரிந்தியர் 8-இல் அவரே எழுதுகிறார்: கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய வேண்டும், யாரும் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது. அப்போஸ்தலனுக்கே அந்தக் கவனம் தேவைப்பட்டது. "கர்த்தருக்குத் தெரியும், அது போதும்" என்று நம்மில் எவரும் சொல்லத் துணியக்கூடாது.

கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளில் இதற்கெனக் குழுக்களும் கணக்காய்வும் உண்டு. வாடகை மண்டபத்தில் ஒரு குடும்பமாகத் தொடங்கி வளர்ந்த சுயாதீன சபைகளில்தான் சிக்கல் அதிகம். அங்கே தொடக்கத்தில் எல்லாமே போதகரின் சட்டைப்பையில்தான் இருக்கும், வேறு வழியும் இருந்திருக்காது. ஆட்கள் கூடிய பிறகும் அதே பழக்கம் தொடர்வதுதான் தவறு.

செய்ய வேண்டியது எளிது. ஆராதனை முடிந்ததும், மண்டபத்தை விட்டுப் பை வெளியேறும் முன்பே, அங்கேயே ஒரு மேசையில் கொட்டி எண்ணுங்கள். எண்ணுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேராக இருக்கட்டும். கணவனும் மனைவியும் இரண்டு பேர் என்று கணக்கில் வராது. தாள்கள் எத்தனை, சில்லறை எவ்வளவு, பெயர் எழுதிய உறைகள் எத்தனை என்று கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். திங்கட்கிழமை வங்கியில் போட்ட பற்றுச்சீட்டை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். வங்கிக் கணக்கு சபையின் பெயரில், இரண்டு கையெழுத்தோடு இருக்கட்டும். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவுகள் அனுப்பும் பணம் "சுகமாக இருக்கும்" என்பதற்காகப் போதகரின் சொந்தக் கணக்குக்கு வரக்கூடாது. இதையெல்லாம் போதகரே முன்வந்து கேட்டால் அவருக்குத்தான் பாதுகாப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரே வரிசையில் நின்றபோது கொழும்பில் பல சபைகள் உலர் உணவுப் பொதி கொடுத்தன, சமைத்தும் கொடுத்தன. அது பெரிய காரியம். ஆனால் பொதியை வாங்குகிற தாயைக் கமராவைப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்து முகநூலில் போட்டது பெரிய அவமானம். நன்கொடை கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டப் பொதிகளின் படமும் பற்றுச்சீட்டும் போதும்.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில்

வட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "அன்பான ஜெப வீரர்களே, வெள்ளவத்தையில் இருக்கிற நம்முடைய சகோதரியின் மகளுக்காக ஜெபியுங்கள். மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தை நிறுத்திவிட்டார்கள். பிள்ளை மூன்று நாளாகச் சாப்பிடாமல் அறைக்குள்ளேயே இருக்கிறாள்." பெயர் இல்லை. ஆனால் அந்தச் சபையில் வெள்ளவத்தையில் இருந்து வருகிற, மகளுக்குக் கலியாணம் பேசிய சகோதரி ஒருவர்தான். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். மத்தியானத்துக்குள் அது இன்னும் இரண்டு சபைக் குழுக்களுக்குப் போய்விடும். அந்தப் பிள்ளை மறுபடி ஆராதனைக்கு வந்து உட்கார எவ்வளவு காலம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வராமலே போகவும் கூடும்.

இந்தத் தவறை நான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக நினைக்கிறேன், ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் உண்மையான பாரத்தோடுதான் செய்கிறார்கள். பாவசங்கீர்த்தன (பாவ அறிக்கை) இரகசியத்தை நேரடியாக மீறும் குருவானவர் அந்தக் கணமே திருச்சபையின் உறவிலிருந்து விலக்கப்படுகிறார் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மற்றச் சபைகளில் வீட்டுக் கூட்டம் நடத்துகிற அண்ணாவுக்கும் அக்காவுக்கும் அப்படி எழுதிய சட்டம் இல்லை, அதனால் அவர்களே தங்களுக்கு வரம்பு போட்டுக்கொள்ள வேண்டும். "இதை எத்தனை பேருக்குச் சொல்லட்டும்?" என்று சம்பந்தப்பட்டவரிடம் கேளுங்கள். யாருக்கும் வேண்டாம் என்றால் நீங்கள் மட்டும் முழங்காலில் நில்லுங்கள். அப்படிக் காத்த விஷயம் பிரசங்கத்தில் உதாரணமாகவும் வரக்கூடாது, ஊர் பெயரை மாற்றிச் சொன்னாலும் கூடாது.

ஒன்றுக்கு மட்டும் இந்த இரகசியம் பொருந்தாது. ஒரு சிறுபிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று உங்கள் காதுக்கு வந்தால், செய்தவர் மூப்பரானாலும் போதகரின் உறவானாலும், "சபைக்குள்ளேயே பேசித் தீர்ப்போம்" என்று வைத்திருக்காதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

வைத்தியரின் கதிரையில் உட்காராதீர்கள்

மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை தொடங்க வேண்டிய ஒருவரிடம் "இன்னும் ஒரு மாதம் உபவாசித்துப் பார்ப்போம்" என்று சொல்லும் அதிகாரம் எந்தத் தலைவருக்கும் இல்லை. இன்சுலினை நிறுத்து, மனநோய் மருந்தை நிறுத்து, அது விசுவாசக் குறைவு என்று சொல்வது ஒரு உயிரோடு விளையாடுவது. பவுலின் கூடவே பயணம் செய்த லூக்காவை அவர் "பிரியமான வைத்தியன்" என்றுதான் எழுதினார். சுகத்துக்காகக் கைவைத்து ஜெபியுங்கள், ஜெபித்துவிட்டு அடுத்த கிளினிக் திகதியை நீங்களே ஞாபகப்படுத்துங்கள், முடிந்தால் கூடப் போங்கள். ஒருவர் உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்கிற அளவில் பேசினால் 1926-க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.

வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் "பொறுமையாய் இரு, தேவன் தள்ளிவிடுதலை வெறுக்கிறார்" என்று, விவாகரத்தைப் பற்றிய மல்கியா 2:16-ஐச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் இதே வகைதான். இங்கேயும் பாதி வசனம்தான் சொல்லப்படுகிறது. கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனையும் அதே வசனம் கடிந்துகொள்கிறது. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. ஒரு தலைவர் இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது வேதாகமம் வாசிப்பதற்குப் போட்டி ஆகாது.

கதிரை அடுக்குகிறவர்கள் யார்?

அப்போஸ்தலர் 6-இல் ஆதித் திருச்சபையின் முதல் உள்வீட்டு முறுமுறுப்பு வருகிறது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பகிர்வில், கவனிக்கப்படவில்லை. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையிடமே விட்டார்கள். தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களையும் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். பாதிக்கப்பட்ட பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பு போனது என்று எண்ண இடமிருக்கிறது.

இதைக் கொழும்புக்குக் கொண்டுவாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், பரம்பரையாகக் கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் இருப்பவர்கள், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து புறக்கோட்டைக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள், ஆங்கிலத்தில் படித்துத் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கும் வாலிபர்கள், சிங்களத்தில் ஜெபிக்கிற மருமகள்மார், எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். ஆனால் கதிரை அடுக்குவதும் சத்தப்பெட்டி தூக்குவதும் யார், நிர்வாகக் குழுவில் இருப்பது யார் என்று பெயர்களை எழுதிப் பார்த்தால் பல சபைகளில் தலைகுனிய வேண்டிவரும். மலையகப் பிள்ளை பத்து வருடமாக உண்மையாய் உழைப்பான், அவனை "நல்ல தம்பி" என்போம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் இரண்டு ஞாயிறு வந்ததும் பிரசங்க மேடைக்கு ஏற்றுவோம். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம் கொடுத்ததைப் பற்றி யாக்கோபு எழுதினது இதைத்தான்.

புனித யோசேப்பு வாஸ் 1687-இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்தார். கொங்கணி பேசியவர், இங்குள்ள மக்களுக்காகத் தமிழும் சிங்களமும் கற்றார். 2015 ஜனவரி 14-இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது கூடியிருந்த கூட்டத்திலும் இரண்டு மொழியாரும் இருந்தார்கள். கொழும்பில் தலைமைக்கு வருகிற தமிழர் சிங்களத்தில் ஒரு ஜெபமாவது சொல்லப் பழகுவது நல்லது.

எல்லாவற்றையும் நானே

எத்திரோ தன் மருமகன் மோசேயைப் பார்த்து "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். காலைமுதல் மாலைவரை ஒரே ஆள் எல்லா வழக்கையும் தீர்த்தால் அவரும் தொய்ந்துபோவார், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்பது அவர் கண்டது. ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று ஆட்களைப் பிரிக்கச் சொன்னார். வாஸ் அடிகளின் காலத்து மறைப்பணியிலும், குரு வராத ஊர்களில் மூப்பர்களும் அண்ணாவிமாரும்தான் மக்களைக் கூட்டி ஜெபம் நடத்தினார்கள்.

கொழும்பில் வார நாளில் வேலைக்குப் போய், மாலையில் வீடு சந்தித்து, சனி இரவு பிரசங்கம் ஆயத்தம் பண்ணும் போதகர்கள் நிறையப் பேர். சோர்ந்து விழுந்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தான், உபதேசம் அல்ல. வாரத்தில் ஒரு நாள் தொலைபேசியை மனைவியிடமோ ஒரு மூப்பரிடமோ கொடுத்துவிட்டுத் தூங்குங்கள்.

பொறுப்பைப் பகிரும்போது அவசரமும் வேண்டாம். மேடையில் நன்றாகப் பாடுகிறான் என்பதற்காக ஆறு மாதத்துக்கு முன் விசுவாசத்துக்கு வந்த பையனைத் தலைவனாக்குவதை 1 தீமோத்தேயு 3:6 தடுக்கிறது. அதேபோல, போதகரின் மகன் என்பது மட்டும் தகுதி ஆகாது. சாமுவேல் தன் மகன்மாரை நியாயாதிபதிகளாக வைத்தார், அவர்கள் பரிதானம் வாங்கினார்கள். மோசேக்கும் மகன்மார் இருந்தார்கள், ஆனாலும் பொறுப்பு யோசுவாவுக்குப் போனது. அதுவும் சபையார் எல்லாரும் பார்க்க, மோசே உயிரோடு இருக்கும்போதே.

ஆகவே ஒப்படைக்கிறவர்கள் ஆசீர்வாத ஜெபத்தோடு நிறுத்திவிட வேண்டாம். கணக்குக் கொப்பி, வங்கிக் கையெழுத்து, மண்டபச் சாவி மூன்றையும் அன்றைக்கே புதியவரின் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு வருடத்துக்காவது நிர்வாகக் கூட்டத்துக்குப் போகாதீர்கள், கூப்பிட்டுக் கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள்.