வார்கிராஃப்ட் கிளாசிக்கில் கோல்டுக்கு என்சான்ட் போட்டுத் தருவது எப்படி?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டில் தையல்காரர் பை தைத்து ஆக்‌ஷன் ஹவுஸில் (ஏலச் சந்தையில்) வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். கொல்லரும் அப்படித்தான். ஆயுதத்துக்கும் உடைக்கும் மந்திர சக்தி (என்சான்ட்) ஏற்றும் என்சான்டருக்கு அந்த வசதி கிடையாது. என்சான்டைச் சுருளில் ஏற்றி விற்கும் வழி 2008இல், ராத் ஆஃப் த லிச் கிங் என்ற பின்னாள் விரிவாக்கத்தின் காலத்தில்தான் வந்தது. பழைய ஆட்டமே ஓடும் கிளாசிக் எரா சர்வர்களில் இன்றும் வாடிக்கையாளர் நேரில் வந்து நின்றால்தான் வேலை நடக்கும். முன்பின் தெரியாத ஒருவர் தன் மேட்ஸை (என்சான்டுக்கு வேண்டிய மூலப்பொருட்களை) முதலில் உங்கள் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது.

கூலி என்று நான் சொல்வது ஆட்டத்துக்குள் புழங்கும் கோல்டை மட்டும்தான். ரூபாய், டாலர் என்று யாராவது பேச்சை எடுத்தால் ஒதுங்கிவிடுங்கள். அது விதிமீறல்; அக்கவுண்டே போய்விடும்.

1. தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள்

லெவல் 5 ஆனதும் என்சான்டிங் ட்ரெய்னரிடம் கற்கலாம். அங்கேயே அருகில் சரக்கு விற்பவரிடம் ஒரு காப்பர் ராடு (செம்புக் கோல்) வாங்கி, அதோடு ஒரு ஸ்ட்ரேஞ்ச் டஸ்ட், ஒரு லெஸ்ஸர் மேஜிக் எசென்ஸ் சேர்த்தால் ரூன்ட் காப்பர் ராடு தயார். இந்த ராடு பையில் இல்லாமல் எந்த என்சான்டும் போட முடியாது. பின்னால் வெள்ளி, தங்கம், ட்ரூசில்வர், ஆர்கனைட் என்று ராடு மாறிக்கொண்டே போகும்.

இரண்டாவது தொழிலாகத் தையலை எடுங்கள். மனித உருவ எதிரிகளிடம் விழும் துணியில் பெயர் பச்சை நிறத்தில் வரும் உடைகளைத் தைத்து, அவற்றையே டிஸ்என்சான்ட் செய்து மேட்ஸாக உடைத்துக்கொள்ளலாம். பச்சைக் கவசத்தை உடைத்தால் பெரும்பாலும் டஸ்ட் வரும், பச்சை ஆயுதத்தில் பெரும்பாலும் எசென்ஸ். நீலப் பொருளில் ஷார்டு கிடைக்கும்.

திறனை 300 வரை கொண்டுபோவது செலவு பிடித்த வேலை, அதை மறைக்க விரும்பவில்லை. 225க்கு மேல் கற்பிக்கும் அன்னோரா ஊரில் இருப்பவரும் அல்ல. உல்டமான் டஞ்சனுக்குள் (குழுவாகப் போகும் நிலவறைக்குள்), தேள்கள் நிறைந்த ஒரு அறையில் இருக்கிறார். தேள்களை எல்லாம் கொன்ற பிறகுதான் கண்ணில் படுவார். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

2. எதற்குக் கிராக்கி என்று பாருங்கள்

கிளாசிக்கில் இந்த என்சான்டுகளுக்கு லெவல் தடை இல்லை. அதனால் லெவல் 19இலேயே நின்று வார்சாங் கல்ச் போர்க்களத்தில் மற்ற ஆட்டக்காரர்களோடு சண்டை போடுபவர்கள்தான் புதியவருக்கு நல்ல வாடிக்கை. காலணிக்கு மைனர் ஸ்பீடு, ஆயுதத்துக்கு ஃபியரி வெப்பன் என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். ஃபியரி வெப்பன் ஃபார்முலா (அதைக் கற்றுத்தரும் குறிப்பு) பிளாக்ராக் டெப்த்ஸ் டஞ்சனில் பைரோமேன்ஸர் லோர்கிரெயின் என்ற எதிரியிடம் விழும். லெவல் 60க்காரர்கள் கேட்பது ஆயுதத்துக்கான குரூசேடர். அதன் ஃபார்முலா ஸ்கார்லெட் ஆர்ச்மேஜ் என்ற எதிரியிடம் அபூர்வமாகத்தான் விழும். எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காதீர்கள். கிராக்கி உள்ள நாலைந்து போதும்.

3. கூலியைக் கணக்கிடுங்கள்

இரண்டு முறை உண்டு. மேட்ஸ் அவருடையது என்றால் உங்களுக்கு டிப்ஸ் மட்டும். மேட்ஸ் உங்களுடையது என்றால் முழு விலை. புதியவர்கள் முதல் முறையிலேயே ஆரம்பியுங்கள், கைப்பணம் முடங்காது. உங்கள் பட்டியலில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் என்சான்டை அடுத்தவர் மேட்ஸில் போட்டால் உங்களுக்குத் திறன் புள்ளியும் ஏறும். அதற்கு டிப்ஸே வாங்காமல் செய்தாலும் லாபம்தான்.

முழு விலை சொல்வதற்கு ஒரு கணக்கு: குரூசேடருக்கு 4 லார்ஜ் பிரில்லியன்ட் ஷார்டு, 2 ரைட்டியஸ் ஆர்ப் வேண்டும். உங்கள் சர்வரில் ஷார்டு 6 கோல்டு, ஆர்ப் 30 கோல்டு என்று வைத்துக்கொள்வோம். 24ம் 60ம் சேர்ந்து 84. அதன் மேல் உங்கள் கூலி. அன்றைய ஆக்‌ஷன் ஹவுஸ் விலையைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். போன வார விலையை நினைவில் வைத்துச் சொன்னால் கையைக் கடிக்கும்.

4. நிற்க வேண்டிய இடத்தில் நில்லுங்கள்

உங்கள் அணி அலையன்ஸ் என்றால் அயர்ன்ஃபோர்ஜ் நகரம், ஹோர்டு என்றால் ஆர்க்ரிமர். வங்கிக்கும் ஆக்‌ஷன் ஹவுஸுக்கும் நடுவில் நின்றுகொண்டு ட்ரேட் சாட்டில் இப்படி எழுதுங்கள்: “எல்எஃப்டபிள்யூ என்சான்டர். ஃபியரி வெப்பன், மைனர் ஸ்பீடு. உங்கள் மேட்ஸ், விருப்பப்பட்ட டிப்ஸ். வங்கி வாசல்.” எல்எஃப்டபிள்யூ என்றால் வேலை தேடுகிறேன் என்று பொருள். சர்வரில் எந்த மொழி ஓடுகிறதோ அதில் எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும். அடுத்தடுத்துக் கொட்டினால் இக்னோர் பட்டியலில் தள்ளிவிடுவார்கள்.

5. ட்ரேட் விண்டோ: இங்கே அவசரமே கூடாது

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். என்சான்ட் போட மேட்ஸ் உங்கள் பையில் இருக்க வேண்டும். பொருள் கைமாறும் ட்ரேட் விண்டோவில் அவர் வைத்திருந்தால் மட்டும் போதாது. ஆகவே ட்ரேட் இரண்டு தடவை நடக்கும்.

முதல் ட்ரேடில் மேட்ஸை வாங்குங்கள். எண்ணிக்கையைச் சரிபார்த்து “4 ஷார்டு, 2 ஆர்ப், சரி” என்று சாட்டில் எழுதுங்கள். அவருக்கும் நிம்மதி.

இரண்டாவது ட்ரேடில் அவர் தன் ஆயுதத்தை ஆகக் கீழே தனியாக இருக்கும் கட்டத்தில் வைப்பார். அதில் வைத்த பொருள் கை மாறாது. பிறருக்குக் கொடுக்க முடியாத சோல்பவுண்ட் பொருளையும் தாராளமாக வைக்கலாம். டிப்ஸையும் அதே விண்டோவில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் என்சான்டைச் சொடுக்கி, அந்தப் பொருளின் மேல் சொடுக்க வேண்டும். ஏறப்போகும் என்சான்டின் பெயர் அந்தக் கட்டத்தில் தெரியும். அதை இருவரும் படித்த பிறகே அக்செப்ட். அதற்குப் பிறகுதான் மேட்ஸ் செலவாகும். ஏற்கெனவே வேறு என்சான்ட் இருந்தால் மாற்றவா என்று ஆட்டம் கேட்கும். நீங்களாக முடிவெடுக்காமல் அவரைக் கேளுங்கள்.

இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருவர் கைக்காப்புக்கு ஸ்ட்ரெங்த் கேட்டு வந்தார். என் பட்டியலில் ஸ்பிரிட் அதற்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கான என் சொந்த மேட்ஸும் பையில் கிடந்ததால் ஆட்டம் தடுக்கவில்லை. பெயரைப் படிக்காமல் இருவரும் அக்செப்ட் கொடுத்துவிட்டோம். வாளைத் தூக்கிச் சண்டை போடும் வாரியருக்கு, மந்திரக்காரர்களுக்கு உதவும் ஸ்பிரிட்! அவர் திட்டவில்லை, ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினார். அது போதும், முகம் சுருங்கிவிட்டது. அவர் தந்த மேட்ஸ் அப்படியே இருந்தது. உடனே சரியானதைப் போட்டேன், டிப்ஸையும் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வேலைக்கு நிற்கும்போது என் மேட்ஸ் முழுக்க வங்கியில்தான்.

டிப்ஸ் தராமல் நழுவுபவர்களும் உண்டு. விரட்டிப் போகாதீர்கள். அடுத்த முறை கூலியை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

6. முடிந்ததும்

வேலை திருப்தியாக முடிந்த ஒவ்வொருவரையும் ஃப்ரெண்ட்ஸ் பட்டியலில் சேருங்கள். என் வாடிக்கையில் பாதி அவர்களும் அவர்கள் கில்டு (குழு) ஆட்களும்தான். ஃபியரி வெப்பன் போட்டவர் உடனே கிளம்ப மாட்டார், பாருங்கள். கத்தியை உருவுவார். அலகு முழுக்கத் தீ ஓடும். வங்கி வாசலிலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு குதி குதித்துவிட்டுத்தான் போவார். பக்கத்தில் நிற்கும் யாராவது அதைப் பார்த்து, எங்கே போட்டது என்று கேட்பார்.